மிக்கேலாவின் பெயரில்

மிக்கேலா என்றுதான் சொன்னார், அதில் சந்தேகமே இல்லை, மலை மேட்டில் மூட்டிய நெருப்புக்கு இந்தப் பக்கம் தலின் உட்கார்ந்திருக்கிறாள், அந்தப் பக்கம் செத்துப்போன கணவனின் அண்ணன் லோரென்சோ மண்டியிட்டிருக்கிறார், நடுவில் குங்கிலியப் புகை, அவ்வளவுதான், காற்றுகூட இல்லை... எங்கள் தாய்களே, எங்கள் தகப்பன்களே, உங்கள் பேரன் பஸ்கால் வந்து சேர்ந்துவிட்டானா, அவன் பெண்சாதி மிக்கேலா கொடுத்த மெழுகுவர்த்தி இதோ, மிக்கேலா கொடுத்த வெல்லம் இதோ, என்று குழாயைத் திறந்துவிட்ட மாதிரி சொல்லிக்கொண்டே போகிறார். ஒரு தடவை என்றால் வாய் தவறிவிட்டது என்று விட்டுவிடலாம், அவருக்கும் வயசாகிறது, ஆனால் திரும்பத் திரும்ப அதே இடத்தில் அதே பெயரா தவறும்? தவறுகிற வாய் கொஞ்சமாவது தடுமாறும், இது தடுமாறவில்லை, சொல்லிச் சொல்லித் தேய்ந்த வழியில் போகிற வாய் இது. மெழுகுவர்த்தி வாங்கியது யார், ஞாயிற்றுச் சந்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, திரி நேராக இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, கடைக்காரன் முகம் சுளித்தும் விடாமல் பொறுக்கி எடுத்தது யார்? பக்கத்தில் மகள் ருஃபினா குச்சியால் நெருப்பைத் தள்ளிவிட்டுக்கொண்டிருக்கிறாள், அவள் காதில் விழுந்ததா இல்லையா தெரியவில்லை. தலின் கையிலிருந்த வெல்லத்தை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

எழுந்து கேட்டுவிட முடியாது, முதல் குங்கிலியம் எரிந்து தீரும்வரை குறுக்கே யாரும் பேசக்கூடாது, பேசினால் மேலே இருப்பவர்கள் காதை மூடிக்கொள்வார்கள், பிறகு எவ்வளவு கூப்பிட்டாலும் திறக்க மாட்டார்கள். அதுவும் இன்றைக்கு. பஸ்கால் செத்தது ஒரு மான் நாளில், இங்கே நாட்களுக்கு மான், நாணல், நாய் என்று பெயரும் கூடவே ஒரு எண்ணும் உண்டு, இன்று அதே மான் நாள் அதே எண்ணைத் தோளில் சுமந்துகொண்டு ஒரு முழுச் சுற்று சுற்றித் திரும்பி வந்திருக்கிறது, ஒரு பிள்ளை வயிற்றில் தரித்து வெளியே வருகிற காலம்தான் ஒரு சுற்று, அதனால்தான் செத்தவனுக்கும் அவ்வளவு காலம் கொடுக்கிறார்கள், அங்கே அவன் கண் திறந்து எழுந்து உட்கார. இன்றைக்குத்தான் அவன் அங்கே பிறக்கிற நாள், இன்றைக்குத்தான் பெண்சாதிக்கும் பக்கத்தில் ஒரு பாய் போடச் சொல்லி மேலே சொல்லிவைப்பார்கள், அவள் பின்னால் வருவாள், இடம் வையுங்கள் என்று. மற்ற நாளெல்லாம் லோரென்சோ மட்டும் மலையேறுவார், குடும்பத்துக்குத் தாயும் தகப்பனுமாக நின்று பேசுகிறவர் அவர், பெண்கள் கொழுக்கட்டை பொதிந்து கொடுத்துவிட்டு வீட்டில் இருப்பார்கள், புருஷனை இழந்தவள் மட்டும் ஒரே ஒரு முறை, மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, இந்த நாளில் இந்த மேட்டுக்கு ஏறி வரலாம். அதற்காகத்தானே நேற்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை, இத்தனை காலம் கழித்து நம் பெயரை நம் காதாலேயே கேட்கப் போகிறோம் என்று. கேட்டாயிற்று.

பெயரை ஊன்றுவது என்பார்கள், சோளம் ஊன்றுகிற மாதிரியேதான், மருமகளாக வருகிறவளின் பெயரை இந்த மேட்டில் சொல்லி, சாராயம் தெளித்து, செத்தவர்கள் அத்தனை பேருக்கும் காட்டிக்கொடுப்பார்கள், இவள் இனி உங்களவள், இவள் பெறுவது உங்களுடையது. ஊன்றாதவள் செத்தால் எங்கே போவாள் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, பேச்சை மாற்றிவிடுவார்கள். அன்றைக்கு லோரென்சோ மலையிலிருந்து இறங்கி வந்தபோது அவள் வாசலில் நின்றிருந்தாள், அடுப்பில் கொக்கோ கொதித்துப் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, அது கூடக் கவனமில்லை, அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டே ஊன்றியாச்சு என்றார், ஒரே சொல், அவள் உள்ளே ஓடி அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுதாள், சந்தோஷத்தில்தான்... பஸ்கால் வந்து தோளைத் தொட்டான், எதுக்கு அழறே, இனிமே உன்னை யாரும் அசைக்க முடியாது என்றான். அசைக்க முடியாதாம். அப்போது அவன் கண் எங்கே பார்த்தது? அடுப்பைப் பார்த்ததா, கூரையைப் பார்த்ததா, என் முகத்தைப் பார்த்ததா? எவ்வளவு யோசித்தாலும் கை மட்டும்தான் ஞாபகம் வருகிறது, தறியில் கம்பளி நெய்து காய்த்த கை, தோளில் அது இருந்த கனம். அந்தக் கையை நம்பித்தானே காலம் ஓடியது.

மிக்கேலாவைப் பற்றி அவன் மறைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும், ஊருக்கே தெரிந்த கதை, அவனுக்கு முதலில் வாழ்க்கைப்பட்டவள், ஒரு சந்தை நாளில் தன் தறியையும் கோழியையும் தூக்கிக்கொண்டு அக்காள் வீட்டுக்குப் போனவள், பிறகு அல்லேலூயாக் கோயிலில் சேர்ந்து புகையும் வேண்டாம் மெழுகுவர்த்தியும் வேண்டாம் என்று விட்டவள். பெண் கேட்டு வந்த அன்றே அப்பா கேட்டார், அவ பேரை மேட்டுலேருந்து பிடுங்கியாச்சா என்று. அதெல்லாம் முறையா முடிஞ்சது மாமா என்று பஸ்கால் ஒரு சிரிப்புச் சிரித்தான், அந்தச் சிரிப்புக்கு அப்பாவே மயங்கிவிட்டார் என்றால் தலின் மயங்கியதில் என்ன ஆச்சரியம். பிறகு எத்தனை சந்தையில் அந்த மிக்கேலாவிடமே தக்காளி வாங்கியிருக்கிறாள், வாம்மா, நல்லா இருக்கியா, உன் புருஷன் இப்பவும் குறட்டை விடறானா என்பாள் அவள், கிண்டல்தான், விஷம் கிடையாது, எடை போட்ட பிறகு மேலே இரண்டு பழம் போடுவாள். ஒரு நாள் அவள் சொன்னது... தூக்கமே இல்ல தலின், யாரோ கூந்தலப் பிடிச்சு மலைப் பக்கமா இழுக்கற மாதிரியே இருக்கு, பாஸ்டர் சாத்தான்னு சொல்றாரு, எண்ணெய் பூசி ஜெபம் பண்ணியும் போக மாட்டேங்குது. தலின் வீட்டுக்கு வந்து அதை வேடிக்கையாகச் சொன்னாள், பஸ்கால் சிரித்தான், சிரித்துக்கொண்டே இருமினான், இருமிக்கொண்டே எழுந்து போய் வாசலில் நின்றான். வெகுநேரம் நின்றான். அதைப் பார்த்துவிட்டு அவனுக்கு நெஞ்சுச் சளி என்று கஷாயம் வைத்துக் கொடுத்தவள் இவள்தான்.

முதல் குங்கிலியம் கருகிச் சுருண்டது, லோரென்சோ சாராயத்தை நெருப்பைச் சுற்றி ஊற்றினார், நீலமாய் ஒரு நாக்கு எழும்பி அடங்கியது. இப்போது பேசலாம். தலின் முதலில் வேறு ஏதோ கேட்க நினைத்தாள், இதுதான் வந்தது.

"மச்சான், என் பேரு என்ன?"

லோரென்சோ புட்டியை மூடினார், திறந்தார், திரும்ப மூடினார். யோசித்துப் பார்த்தால் இந்த மனிதர் இத்தனை வருஷத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, புள்ள என்பார், இல்லையென்றால் தம்பி வீட்டுக்காரி என்பார், அவள் அதை மரியாதை என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறாள், மற்ற மச்சான்கள் மாதிரி வாய் நீளாதவர் என்று தங்கச்சிமார்களிடம் சொல்லிக்கூட இருக்கிறாள்.

"கோவப்படாத புள்ள. பிடுங்கணும்னா ரெண்டு பேரும் வந்து இங்க மண்டி போடணும், எதனால பிரிஞ்சோம்னு அவங்கவங்க வாயால சொல்லணும். அவ அல்லேலூயாக்காரி, வரமாட்டேன்னுட்டா. அவன் தனியா வந்து சொல்லவும் கூசினான், கையோங்கினது அவன்தானே. அவ பேரு ஏற்கெனவே அங்க இருக்கு, ஆளா நீ இங்க வந்துட்டே. ரெண்டையும் சேர்த்துக் கட்டினோம். யாருக்கும் கொறை வரலியே?"

சேர்த்துக் கட்டினார்களாம். மூட்டையா நான்? அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருப்பது மாதிரியே அவர் முகம் இருக்கிறது, ஒழுகுகிற கூரையில் உடைந்த ஓடு ஒன்றை மாற்றி வைத்தவனின் முகம். கையோங்கினானா பஸ்கால்? தன்னிடம் ஒருநாளும் இல்லையே... அவளிடம் ஓங்கியதால்தான் தன்னிடம் ஓங்கவில்லையோ, அப்படியென்றால் அவள் பட்ட அடியில் நான் சுகமாக வாழ்ந்திருக்கிறேன், நான் அரைத்த மாவில் அவள் இங்கே மருமகளாக வாழ்ந்திருக்கிறாள், இந்தக் கணக்கை எந்தத் தெய்வத்திடம் போய்ச் சொல்வது. தோள்வலி வந்து கையைத் தூக்க முடியாமல் கிடந்தாளே அன்றைக்கு இந்த லோரென்சோதான் குறி பார்க்க வந்தான், கல்யாண முருங்கைக் கொட்டைகளைத் துணியில் பரப்பி, பிடி பிடியாக அள்ளி வைத்து, நாட்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு, தன் கெண்டைக்காலில் ரத்தம் துடித்துச் சேதி சொல்கிறது பார் என்று தொட்டுக் காட்டி, மேலே இருக்கிறவங்க யாரையோ தேடறாங்க புள்ள, ஆளு தெரியாம தேடறாங்க, இன்னும் கொஞ்சம் மெழுகுவர்த்தி கொடுத்தனுப்பு என்றான். கொட்டை பொய் சொல்லவில்லை. ரத்தம் பொய் சொல்லவில்லை. அதை வாங்கி அவளிடம் சொன்னவன் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொன்னான், அவளும் வலியோடு வலியாக மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்தாள், அதையும் மிக்கேலா பெயரில் ஏற்றிவைத்தான். மனசுக்குள் அவர் எப்போது அவன் ஆனார் என்று அவளுக்கே தெரியவில்லை, ஆகட்டும், அவனுக்கு அது போதும்.

"அப்போ என்னையும் மிக்கேலா பெத்ததாத்தான் சொல்லியிருக்கீங்களா பெரியப்பா?" என்றாள் ருஃபினா. காதில் விழுந்துதான் இருக்கிறது. "நல்லதாப் போச்சு. இனிமே தக்காளி சும்மாவே வாங்கிக்கறேன்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகி, குச்சியை நெருப்பில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளை ஒன்றும் சொல்லாதே என்கிற மாதிரி லோரென்சோ தலினைப் பார்த்தான், என்னவோ குற்றம் ருஃபினா செய்த மாதிரி.

மேட்டைச் சுற்றி உடைந்த பானை ஓடுகள் குவிந்து கிடக்கின்றன, வீட்டில் பானை உடைந்தால் இங்கேதான் கொண்டுவந்து போடுவது, பாட்டன் பூட்டன் காலத்து ஓடெல்லாம் அடியில் மண்ணாகிக் கிடக்கும். அவள் கால் அருகிலேயே ஒன்று, பச்சை விளிம்பு போட்டது, தெரிந்த ஓடு, அது அவள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த பானை, மழைக்காலத்தில் கை நழுவி உடைந்தது, லோரென்சோ கோணிப்பையில் அள்ளிக்கொண்டு போனான். பானை உள்ளே வந்துவிட்டது, அடுப்புச் சாம்பல் உள்ளே வந்துவிட்டது, தன் கையால் அவித்த கொழுக்கட்டை ஒவ்வொரு விதைப்புக்கும் ஒவ்வொரு அறுப்புக்கும் உள்ளே வந்துவிட்டது, ஆள் மட்டும் வெளியே. நாட்கள் மறுபடி மறுபடி வந்தன, மான் வந்தது, நாணல் வந்தது, நாய் வந்தது, ஒவ்வொன்றும் முதுகில் சுமையோடு வந்து இறக்கிவைத்துவிட்டு எழுந்து போயின, ஒரு நாளுக்காவது இவளைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லையா? நாளுக்கும் முகம் உண்டு, கண் உண்டு என்பார்களே. இல்லை, நாட்களைக் குறை சொல்லக்கூடாது, அவை கேட்டதைத்தான் எடுத்துப்போகும், கொடுத்தவன் மனுஷன். பஸ்கால்தான் கொடுத்தான். சாகக் கிடந்தபோதாவது சொன்னானா, கடைசி வாரம் முழுக்க அவள் கையைப் பிடித்துக்கொண்டே கிடந்தானே, மன்னிச்சுடு என்று ஒருநாள் சொன்னான், எதுக்கு என்று கேட்டாள், படுக்கையிலேயே எல்லாம் போகிறதே அதற்குச் சொல்கிறான் என்று நினைத்து, இதுக்கெல்லாமா என்று நெற்றியைத் துடைத்துவிட்டாள். துடைத்த துணியை அவன் முகத்திலேயே போட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

"நெருப்பு இன்னும் எரியுது, அவங்க கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க" என்றான் லோரென்சோ, குரலைத் தாழ்த்தி, யாருக்கும் தெரியாமல் ஒரு நல்லது செய்கிறவன் மாதிரி. "இப்பவே உன் பேரையும் சேர்த்துச் சொல்லிடறேன். அவளும் இருக்கட்டும், நீயும் இரு."

"சக்களத்தியாவா?" என்றாள் தலின்.

அவள் மீதிக் குங்கிலியத்தைத் துணியில் வைத்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள், வெல்லத்தையும் சேர்த்து, அவள் வாங்கியது, அவள் கொண்டுவந்தது, அவள் எடுத்துப்போகிறாள். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அப்பா வீட்டு மேடு இருக்கிறது, பைன் மரங்களுக்கு நடுவில், இங்கிருந்து பார்த்தால் புகை தெரியும், இப்போது யாரோ அங்கேயும் மூட்டியிருக்கிறார்கள். அம்மா வயிற்றில் இருக்கும்போதே அவள் பெயரை அங்கே ஊன்றினார்கள். கல்யாணம் ஆனால் புகுந்த வீட்டு மேட்டிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும், அதைப் பார்த்த பிறகுதான் அங்கே பிடுங்குவார்கள். மண் போயிருக்காது. எப்படிப் போகும், பொய் மண்ணை எடுத்துக்கொண்டு எந்த முகத்தோடு பஸ்கால் அங்கே போவான்? அப்பா செத்த அன்று அந்த வீட்டுப் பெரியவர் அவள் தலையைத் தொட்டு, உன்னை இன்னும் நாங்க பிடுங்கலியேம்மா என்றார், வயசான மனுஷர் உளறுகிறார் என்று அவள் நினைத்தாள், பஸ்கால் அவசரமாக அவளை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அப்படியென்றால் அங்கே இருக்கிறேன். இத்தனை காலமும் அங்கேதான் இருந்திருக்கிறேன். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தது, போடா லோரென்சோ, உன் மேடும் வேண்டாம் உன் தம்பி பக்கத்தில் பாயும் வேண்டாம், எனக்கு ஆட்கள் இருக்கிறார்கள், அப்பா இருக்கிறார், என் பெயரைச் சொல்லி எனக்கு இடம் போட்டு வைத்திருப்பார். முடிச்சை இறுக்கினாள். எழுந்திரு ருஃபினா என்று சொல்ல வாயெடுத்தாள்.

செமோ.

அவன் இங்கே அல்லவா இருக்கிறான். பால்குடி மறப்பதற்குள் ஒரு மழைக்காலக் காய்ச்சலில் போனவன், அன்செல்மோ என்று பெயர் வைத்து செமோ என்று கூப்பிட்ட பிள்ளை, அவனை இந்த மேட்டில்தான் சொல்லி ஒப்படைத்தார்கள், எப்படிச் சொல்லியிருப்பான் இந்த லோரென்சோ... மிக்கேலா பெற்ற பிள்ளை வருகிறான், வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இருக்கிற கிழவிகள் மடியில் வாங்கியிருப்பார்கள், அழுதிருப்பான், அழாதேடா, உன் அம்மா மிக்கேலா வருவாள், இதோ வந்துவிடுவாள் என்று தேற்றியிருப்பார்கள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, நாட்கள் போகப் போக அதையே சொல்லியிருப்பார்கள், அவனும் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு வழியைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். மிக்கேலா வரமாட்டாள், அவள் அல்லேலூயாக்காரர்களின் வானத்துக்குப் போவாள், தக்காளிக் கூடையோடு. நான் அப்பா மேட்டுக்குப் போனால் அவனிடம் யார் போவது? பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் பிள்ளை, அந்தப் பக்கம் நான், செத்த பிறகும் இந்தப் பிரிவுதானா? பஸ்காலை மன்னிக்க முடியாது, இனி ஒருநாளும் முடியாது, ஆனால் அவன் பக்கத்தில்தான் அந்தப் பிள்ளை இருக்கிறது, பொய் சொன்னவனின் மடியிலேயே உட்கார்ந்துகொண்டு.

முடிச்சை அவள் கை தானாகவே தளர்த்தியது. நெருப்பு இறங்கிவிட்டது, ருஃபினா முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்க்கிறாள், லோரென்சோ பழையபடி மண்டியிட்டுவிட்டான்.

"அணையப் போகுது புள்ள. சீக்கிரம் சொல்லு. எந்தப் பேரைச் சொல்லட்டும்?"

தலின் என்று சொன்னால், யார் அது, எங்களுக்குத் தெரியாதே என்று அவர்கள் சொன்னால்? பிள்ளையே திரும்பிப் பார்த்து, என் அம்மா பேர் அதில்லை என்று சொல்லிவிட்டால்? மிக்கேலா என்று சொல்லி, அந்தப் பெயருக்குள்ளேயே நுழைந்து போய் அவனைத் தூக்கிக்கொண்டால்தான் என்ன... சீ, அப்படியா போவது, திருடி மாதிரி. ஆனால் அவனுக்குப் பெயரே தெரியாதே. அம்மா என்றுகூட வாய் திரும்பாத வயசு அது, கண்ணை மூடிக்கொண்டே அவள் கையை இழுத்து மூக்கில் வைத்துக்கொள்வான், சோளம் ஊறிய சுண்ணாம்புத் தண்ணீர் வாடை, அம்மிக்கல் வாடை, அதை முகர்ந்ததும் அழுகை நின்றுவிடும், வேறு யார் தூக்கினாலும் நிற்காது. யார் எந்தப் பெயரைச் சொல்லி ஏமாற்றினாலும் அந்த வாடையை அவன் மறந்திருக்க மாட்டான், மறந்திருப்பானா? தோள்வலி வந்ததிலிருந்து மாவு அரைப்பது ருஃபினாதான், அடுப்பங்கரைப் பக்கமே அம்மாவை விடுவதில்லை. லோரென்சோ காத்திருந்தான். தலின் இரண்டு கைகளையும் முகத்துக்குக் கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். குங்கிலிய வாடைதான் அடித்தது.